மடக்கு நாற்காலி: கடையில் கோட்டை விடும் இடங்கள்

கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர் முதல் நாற்காலி வாங்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். விரிப்பார், உட்காருவார், ‘நல்லாத்தான் இருக்கு’ என்று அரை நிமிடத்தில் எழுந்துவிடுவார். பிறகு நிறத்தையும் தம்ளர் வைக்கும் பையையும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுவார். ராத்திரி மூன்று மணி நேரம் அதிலேயே உட்காரப்போவது அப்போது நினைவுக்கு வராது. தையல் பிரிந்திருக்கிறதா, துரு இருக்கிறதா என்று பார்க்க யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிற தவறுகளை மட்டும் பார்ப்போம்.

விவரச் சீட்டில் போட்டிருக்கும் எடையை அப்படியே நம்புவது

‘100 கிலோ தாங்கும்’ என்று போட்டிருக்கிறது, நம் எடை 90, அப்படியானால் சரி. நாற்காலிகளை அதிகம் உடைப்பது இந்தக் கணக்குதான். அந்த எண் பெரும்பாலும் சமதரையில், அசையாமல் இருக்கும் பாரத்துக்கானது. முகாமில் யார் அப்படி உட்காருகிறார்கள்? நாள் முழுக்க நடந்து களைத்து வந்து தொப்பென்று விழுவார்கள். உட்கார்ந்தபடியே திரும்பி, தரையில் இருக்கும் பையை எட்டி எடுப்பார்கள்.

பாரத்தை உயரத்திலிருந்து போடக்கூட வேண்டாம். இருக்கையைத் தொட்ட நிலையில் சட்டென்று விட்டாலே, அந்த நொடியில் சட்டகத்தின் மேல் விழும் விசை இரு மடங்கை எட்டலாம். 90 கிலோ ஆள் அந்த நொடிக்கு 180 கிலோ. ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்தால் இன்னும் கூடும். துணி கொஞ்சம் இழுபட்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதால்தான் பல நாற்காலிகள் பிழைத்துக் கிடக்கின்றன.

தரையும் சேர்ந்து சதி செய்யும். மேடுபள்ளத்தில் ஒரு கால் அந்தரத்தில் நின்றால், பாரத்தின் பெரும்பகுதி மூலைக்கு மூலை எதிரே இருக்கும் இரண்டு கால்களில் இறங்கும். முன்கால்களைத் தூக்கிச் சாய்ந்து ஆடுகிறவர் மொத்தத்தையும் பின்கால்கள் இரண்டின் தலையில் கட்டுகிறார்.

எங்கே உடையும் என்று தெரிந்தால் எங்கே பார்ப்பது என்பதும் தெரிந்துவிடும். குழாய் நட்டநடுவில் முறிவது அபூர்வம். குடைபோல் மடங்கும் நான்கு கால் நாற்காலியில் குழாய்கள் கத்தரிபோல் ஒன்றையொன்று கடக்கும் இடம்தான் பலவீனமானது. இரண்டையும் பிணைக்கும் ரிவெட் ஆணிக்காகத் துளை போட்டதில் அங்கே உலோகம் குறைந்திருக்கும். இரு குழாய்களுக்கும் நடுவே வாஷர் இருக்கிறதா, ரிவெட் லொடலொடவென ஆடுகிறதா என்று பாருங்கள்.

கம்பிகளைச் செருகித் துணியை மாட்டும் சிறிய வகையில் பிளாஸ்டிக் இணைப்பைக் கவனியுங்கள். கம்பி நுழையும் வாயைச் சுற்றி வெளுத்த கோடு தெரிந்தால் அது விரிசலுக்கு முன்னறிவிப்பு. அந்த நாற்காலியை வைத்துவிட்டு வந்துவிடலாம். அதே வகையில் துணியின் நான்கு மூலைப் பைகளும் இரட்டைத் துணியாக, நெருக்கித் தைத்ததாக இருக்க வேண்டும். கம்பி முனை பைக்குள் முழுதாக இறங்காமல் உட்கார்ந்தால், புது நாற்காலியும் முதல் நாளே கிழியும். குற்றம் நாற்காலியுடையது அல்ல.

உடுப்போடும் காலணியோடும் உங்கள் எடை என்ன? விவரச் சீட்டில் இருக்கும் எண் அதன் ஒன்றரை மடங்காக இருக்கட்டும். 80 கிலோவுக்கு 120. வளைந்த அலுமினியக் குழாயை நிமிர்த்தி மறுபடி உட்காருவது மட்டும் வேண்டவே வேண்டாம். நிமிர்த்திய இடத்தில்தான் அடுத்த முறை பிளக்கும்.

உயரம் பார்க்காமல் வாங்குவது

தாழ்ந்த நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து 25 முதல் 30 செ.மீ. உயரத்தில் இருக்கும், சாப்பாட்டு மேசை நாற்காலிக்கு ஏறக்குறைய 45. தீ மூட்டிச் சுற்றி உட்காரத் தாழ்ந்தது சுகம்தான். ஆனால் இடுப்பைவிட முழங்கால் மேலே நிற்பதால், எழுந்திருக்கும்போது மொத்த வேலையும் முழங்காலுக்கு வந்து சேரும். மூட்டு வலி உள்ளவர் முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை அளந்துகொண்டு கடைக்குப் போகட்டும். இருக்கை அந்த அளவுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். ஏற்கெனவே 70 செ.மீ. உயர மேசை வைத்திருப்பவர் தாழ்ந்த நாற்காலி வாங்கினால் தட்டு மார்புக்கு நேராக வரும்.

அரை நிமிடச் சோதனை

குறைந்தது 15 நிமிடம் உட்காருங்கள். முன்பக்கக் குழாய் தொடையின் அடியில் அழுத்துவது பத்து நிமிடம் கழித்துத்தான் தெரியும். முதலில் மரத்துப்போவது கால்விரல்.

டெனியர் எண்ணில் மயங்குவது

600 டெனியர் என்றால், 9,000 மீட்டர் நூலின் எடை 600 கிராம். அவ்வளவுதான். நூலின் பருமனைச் சொல்லும் அந்த எண், நெசவின் நெருக்கத்தைப் பற்றியும் தையலைப் பற்றியும் ஒன்றும் சொல்லாது. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எண்ணைவிட அதிகம் தெரியும்.

தீப்பொறி

பாலியஸ்டரும் நைலானும் உருகி ஓட்டை விழும். பருத்திக் கேன்வாஸ் உருகாது. ஆனால் கனம் அதிகம், காயவும் நேரமாகும்.

ஊசிக்கால்

மணலிலும் சேற்றிலும் புதையும். அகலமான கால் மூடி தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

முதுகில் சுமப்பதா, வண்டியில் ஏற்றுவதா

இதை முடிவு செய்யாமல் கடைக்குள் நுழையாதீர்கள். நான்கு கால் வகை 3 முதல் 5 கிலோ வரை இருக்கும், மடித்தாலும் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். கம்பி வகை ஒரு கிலோ அளவில், 35 முதல் 40 செ.மீ. நீளத்துக்குள் அடங்கும்.

உறையைச் சோதிக்காமல் விடுவது

கடைக்காரர் நாற்காலியை மடித்து உறைக்குள் போடுவதைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். அவர் கைக்கு அது பழகிய வேலை. நீங்களே மடித்து, நீங்களே உள்ளே தள்ளிப் பாருங்கள். கடையிலேயே இழுத்துப் பிடித்து மூட வேண்டிய உறை, பனியில் நனைந்து துணி ஊறிய காலையில் மூடவே மூடாது.