மண்ணில் கிடைத்த இரும்பும் அதன் துருவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிக்கு அருகே உறவினர் ஒருவரின் பனந்தோப்பில் வரப்பு வெட்டியபோது முழ ஆழத்தில், பனையேறிகள் பாளை சீவும் பாளை அரிவாள் ஒன்று கிடைத்தது. அதை வாங்கி வந்த அன்றே போர்வெல் தண்ணீரில் கழுவினேன். வெயிலில் காயவைத்து, கம்பி பிரஷ்ஷால் பளபளக்கத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவி அலமாரியில் வைத்தேன். ஐப்பசி மழை தொடங்கியதும் அலகெங்கும் கடுகளவு பழுப்புத் துளிகள் வியர்வைபோல் அரும்பி நின்றன. துடைத்த இடத்தில் ஆரஞ்சு நிறத் தூள் ஒட்டியது. மார்கழிக்குள் அலகின் முனை ஏடு ஏடாகக் கழன்று விழுந்துவிட்டது. அன்று நான் செய்த நான்குமே தவறுகள் என்பதைப் பிறகுதான் படித்தும் கேட்டும் அறிந்துகொண்டேன்.

இராமநாதபுரம் கடற்கரையில் புதைந்த இரும்புக்குத் துருவைவிடப் பெரிய பகை உப்பு. மண்ணின் ஈரத்தில் கரைந்திருக்கும் உப்பின் கூறான குளோரைடு, துருவின் வெடிப்புகள் வழியே நுழைந்து, உள்ளே எஞ்சியிருக்கும் இரும்பை ஒட்டித் தங்கிவிடுகிறது. பொருள் மண்ணுக்குள் இருக்கும்வரை காற்று குறைவாகவே எட்டுவதால் அரிப்பு மெல்ல நடக்கும். வெளியே எடுத்தவுடன் அந்தக் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துத் துளியாகிறது. ஆக்சிஜனும் சேர, இரும்புக்கும் துரு ஓட்டுக்கும் நடுவே புதுத் துரு விளைகிறது. இரும்பைவிடத் துருவுக்குப் பல மடங்கு இடம் தேவைப்படுவதால், அது மேல் ஓட்டை உள்ளிருந்து நெம்பிப் பிளக்கிறது. ஆகவே முதல் தவறு, கிடைத்த பொருளை வெயிலில் உலர்த்துவது. ஈரமாகக் கிடைத்ததை ஈரமாகவே, வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் முழுக மூடி வைக்க வேண்டும். லிட்டருக்கு 50 கிராம் போதும். நம் பக்கத்துக் கிணறும் போர்வெல்லும் பெரும்பாலும் உப்புத்தண்ணீர் என்பதால் அவற்றைத் தவிர்த்து, மழைநீரையோ, பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரையோ பயன்படுத்துவது நல்லது.

துருவை முழுவதுமாகச் சுரண்டி வெள்ளை இரும்பைப் பார்க்கத் துடிப்பது அடுத்த தவறு. அரிவாளின் பழைய விளிம்பும், கொல்லன் அடித்த சுவடும் பெரும்பாலும் துரு அடுக்குக்குள்தான் பதிந்திருக்கின்றன. வெளியே மணலோடு இறுகிய கரட்டு ஓட்டை அகற்றியதும், கருமையான கெட்டி அடுக்கு தென்படும் இடத்தில் கை நின்றுவிட வேண்டும். கிரைண்டரும் கம்பி பிரஷ்ஷும் அந்த இடத்தில் நிற்பதில்லை. மூங்கில் குச்சியும் சிறு கத்தியும் பூதக்கண்ணாடியும் நிற்கும். உளுத்த பொருளில் உள்ளே இரும்பே இல்லாமலும் இருக்கலாம். காந்தம் ஒட்டுகிறதே என்று நம்பிவிடக் கூடாது, ஏனெனில் கருந்துருவும் காந்தத்தில் ஒட்டும். அளவுக்கேற்ற கனம் கையில் இல்லையென்றால் சுரண்டுவதை நிறுத்திவிடலாம்.

கழிவறை கழுவும் ஆசிட்டில் போட்டு எடுத்தால் ஒரே நாளில் துரு போய்விடும் என்று பலர் சொல்வார்கள். துரு போவது உண்மை. ஆனால் அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். எந்தக் குளோரைடை வெளியேற்றப் பாடுபடுகிறோமோ அதையே உள்ளே ஏற்றுவதாகும். புளியும் எலுமிச்சையும் அவ்வளவு கொடியவை அல்ல என்றாலும், துருவோடு நல்ல இரும்பையும் தின்பவை. பட்டறையில் கொடுத்துக் காய்ச்சித் தட்டுவதும் கூடாது: அந்தக் காலத்துக் கொல்லர் எப்படிக் காய்ச்சினார், எப்படித் தண்ணீரில் தோய்த்தார் என்பதற்கு உலோகத்துக்குள் இருக்கும் சான்று அந்தச் சூட்டில் அழிந்துவிடும்.

மின்சாரத்தால் துரு நீக்கும் முறையில்தான் ஆபத்தான தவறுகள் அதிகம். பொருளை வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் மூழ்கவைத்து, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையில் கட்ட வேண்டும். மாற்றிக் கட்டினால் பொருளே கரையும். தண்ணீரில் சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால் நச்சான குளோரின் வாயு கிளம்பும். நேர்முனைக்கு எவர்சில்வர் கரண்டியைத் தொங்கவிட்டால், குரோமியத்தின் நச்சு வடிவம் தண்ணீரில் இறங்கும். சாதாரண இரும்புத் தகடே போதும். குமிழாக வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கக் கூடியது என்பதால் மூடிய அறையில் இதைச் செய்யக் கூடாது. உள்ளே கெட்டியான இரும்பு இருக்கும் நங்கூரம், கடப்பாரை போன்றவற்றுக்கு மட்டுமே இது பொருந்தும். பாளை அரிவாள் போன்ற மெல்லிய அலகுக்குப் பொருந்தாது.

அவசரம் எல்லாவற்றிலும் பெரிய தவறு. உப்பு இறங்க மாதக்கணக்கில் ஆகும். லிட்டருக்கு 20 கிராம் காஸ்டிக் சோடா கரைத்த நீரில் பொருளை ஊறவைத்துச் சில வாரங்களுக்கு ஒருமுறை நீரை மாற்றுவார்கள். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியப் பாத்திரம் அரித்துப்போகும், பிளாஸ்டிக் வாளியே வேண்டும். மரப்பிடி ஒட்டியிருந்தால் இந்த முறையே வேண்டாம். ஊறிய நீரில் சிறிது எடுத்து நைட்ரிக் அமிலம் சேர்த்து, ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால், உப்பு இருக்கும்வரை பால்போல் வெளுக்கும். பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் ஆசிரியரைக் கேட்டால் செய்து பார்க்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன், கிடைத்தது என்ன என்று பார்க்க வேண்டும். 2018 ஜூனில் இராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் குழி தோண்டியபோது தோட்டாப் பெட்டிகள் வெளிவந்தது பலருக்கும் நினைவிருக்கும். உருளையாகவோ பெட்டியாகவோ ஐயத்துக்குரிய எது கிடைத்தாலும் தட்டாமல், கழுவாமல், விலகி நின்று காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். அழகன்குளம் போன்ற தொன்மையான ஊர்ப்பக்கம் பானை ஓடுகளோடு இரும்பு கிடைத்தால், கிடந்த நிலையிலேயே விட்டுவிட்டுத் தெரிவிப்பதே முறை. மண்ணுக்குள் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

உப்பு இறங்கிய பொருளை டிஸ்டில்டு வாட்டரில் பலமுறை அலசி, நன்கு உலர்த்தி, டானிக் அமிலம் பூசினால் துரு நீலக்கருப்பாக இறுகும். கடுக்காய் மையைக் கருக்க வைப்பதும் அதே வகைப் பொருள்தான். அதன் மேல் மெழுகு பூசலாம். எண்ணெயோ பெயிண்ட்டோ பூசுவது தூசியையும் ஈரத்தையும் உள்ளே பூட்டுவதாகும். நம் கடற்காற்றில் திறந்த அலமாரி உதவாது. காற்றுப்புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, நிறம் மாறியதும் வறுத்து மீண்டும் போட வேண்டும். என் அரிவாளில் மிஞ்சிய பாதி அலகு இப்போது அப்படித்தான் இருக்கிறது. இரண்டு மழைக்காலம் கடந்தும் அதில் துளி அரும்பவில்லை.