தாத்தாவின் ஹெரால்டைப் புதுசாக்கிவிடாதீர்கள்

வீட்டுக் கொட்டகையில் வருடக்கணக்கில் கிடக்கும் காரை மறுபடி ஓட்ட வேண்டும் என்று கிளம்பும் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் நாங்கள் அந்த வயதில் செய்து கெடுத்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் அவர்களும் செய்கிறார்கள். ஆயில் மாற்ற வேண்டும், பிரேக் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எவரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அதை விட்டுவிடுகிறேன். என் கை அதிகம் பட்டது ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். ஃபியட், அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

சாவியைத் திருகிப் பார்ப்பது

பல வருடம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். புது பேட்டரி மாட்டி ஸ்டார்ட்டரை அழுத்தினாலோ, நாலு பேர் சேர்ந்து தள்ளினாலோ ரிங் உடையும். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, சில நாள் ஊறவிடுங்கள். அப்புறம் பிளக் மாட்டாமலேயே கையால் மெதுவாகச் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்றினால் மட்டும் அடுத்த வேலை.

முதல் வேலையாக டிங்கரிங் கடைக்கு அனுப்புவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பணமும் அதிகம் போகும், போன பொருளும் திரும்பாது.

கும்பகோணம் பக்கம் ஒரு டாக்டர் வீட்டு ஹெரால்டு. அறுபதுகளில் வாங்கியது. டாக்டர் காலமான பிறகும் பேரன் காலம்வரை கொட்டகையில் அப்படியே இருந்தது. வெளிர் நீல பெயின்ட் மங்கியிருந்தது, ஆனால் அசல். முன்கண்ணாடியில் சிவப்பு பிளஸ் குறி. டேஷ்போர்டின் மேல் பிளாஸ்டிக் முருகன், பிரேக் மிதித்தால் முருகன் காலடியில் சின்ன சிவப்பு பல்பு எரியும். சீட்டுக்கு ஒயரில் பின்னிய உறை. கிளவ் பாக்ஸ் மூடியின் உட்புறத்தில் டாக்டர் ஆயில் மாற்றிய தேதிகளைப் பென்சிலால் வரிசையாக எழுதி வைத்திருந்தார். பார்த்த அன்றே பேரனிடம் சொன்னேன்: “தம்பி, முதல்ல இதை ஓட வைப்போம். மத்ததுல கை வைக்காதே.”

அவசரம். குடும்பக் கல்யாணத்துக்குள் வண்டி பளபளக்க வேண்டும். ஒரு பட்டறையில் விட்டார்கள். திரும்பி வந்தது மெட்டாலிக் சிவப்பில், அலாய் வீலோடு, உள்ளே கறுப்பு ரெக்ஸின் ஒட்டி. கிளவ் பாக்ஸ் மூடியும் ரெக்ஸினுக்குள் போய்விட்டது. வீல் கப், பழைய ஸ்டியரிங், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் சோக் குமிழ், முருகன் எல்லாம் எங்கே என்று கேட்டால், பழைய இரும்புக்குப் போட்டாயிற்று என்றார்கள். பேரனின் அப்பா வண்டிக்குள் உட்கார்ந்து சோக்கைத் தேடிக் கையை நீட்டினார். அந்த இடத்தில் மியூசிக் சிஸ்டம் இருந்தது.

உணர்ச்சியை விடுங்கள், வேலையாகப் பார்த்தாலும் நஷ்டம்தான். ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் வெளியிட்ட கார். வடிவம் இத்தாலியர் ஜியோவான்னி மிகெலோட்டியுடையது. சென்னையில் 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் செய்தார்கள். இதில் சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் தனி, பாடி தனி. பாடியே துண்டு துண்டாக போல்ட் போட்டுச் சேர்த்தது. எந்த போல்ட்டுக்கு அடியில் எத்தனை வாஷர், எவ்வளவு கனம் என்பதைப் பொறுத்துத்தான் கதவின் இடைவெளி நிற்கும். படம் எடுக்காமல், எழுதி வைக்காமல், கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி கொடுத்து நிறுத்தாமல் பாடியைத் தூக்கினால் அது கோணிக்கொள்ளும். அந்த டாக்டர் வண்டிக்கு அதுதான் ஆனது. ஒரு பக்கக் கதவைத் தூக்கிப் பிடித்துத்தான் மூட வேண்டியிருந்தது. சேஸிஸின் பக்கக் கைகளில் இருந்த துருவை வெட்டி எடுக்காமல் மேலே பட்டி பார்த்து பெயின்ட் அடித்திருந்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் பட்டி கொப்பளித்துப் பெயர்ந்தது.

இன்னொன்று. 2021-இல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. 50 வருடம் தாண்டியிருந்தால் மட்டும் போதாது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. மாருதி எஞ்சினையோ டீசல் எஞ்சினையோ இறக்கி வைத்துவிட்டு அந்தப் பதிவைக் கேட்க முடியாது. இதைக் காரை வெட்டிய பிறகுதான் பலர் கேள்விப்படுகிறார்கள்.

சரி, என்னதான் செய்வது? ஷாம்பூ தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் படாத ஒரு மூலையில் மென்மையான ரப்பிங் காம்பவுண்டை லேசாகத் தேய்த்துப் பாருங்கள். மங்கலுக்கு அடியில் நிறம் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். மெழுகு பாலிஷ் போட்டால் போதும். துரு இருக்கும் இடத்தை மட்டும் சுரண்டி, வேண்டிய தகடு வைத்து, பிரைமர் அடித்து, அந்த இடத்துக்கு மட்டும் நிறம் கொடுங்கள். திட்டுத் தெரிந்தால் தெரியட்டும். முழு பெயின்ட் தவிர்க்கவே முடியாவிட்டால் பானெட்டின் உள்பக்கத்து நிறத்தைப் பார்த்துக் கலக்கச் சொல்லுங்கள். கழற்றியது எதுவானாலும், உடைந்த குமிழ்கூட, பெயர் எழுதி ஒரு பெட்டியில் வீட்டுக்கு வர வேண்டும். இதைப் பட்டறைக்காரரிடம் வண்டியை விடும் முன்பே சொல்லிவிடுங்கள். பிளாஸ்டிக் முருகனைக் கழற்றவே வேண்டாம்.

பேட்டரியை மாற்றி மாட்டுவது

லூகாஸ் மின்சாதனம் பூட்டிய அந்தக் கால வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும், அதாவது எர்த் ஆகும். இன்றைய பழக்கத்தில் நெகட்டிவ்வை எர்த் செய்தால் டைனமோவுக்கு ஆகாது. இன்றைய ரேடியோவை பாசிட்டிவ் எர்த் வண்டியில் திருகினாலும் ஷார்ட்தான். பழைய கேபிள் எப்படிப் போகிறது என்று பார்க்காமல் எதையும் மாட்டாதீர்கள்.

பெட்ரோல்

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம்வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்பின் டயாப்ரமும் அதைத் தாங்காது. ஊறி, வெடித்துக் கசியும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் கசிவது விளையாட்டு இல்லை. எத்தனால் தாங்கும் ஹோஸுக்கு மாற்றுங்கள். அசல்தன்மை பற்றி இவ்வளவு பேசும் நானே இதில் மட்டும் சமரசம் வேண்டாம் என்பேன். மாதக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் டாங்கைக் காலி செய்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், டாங்க் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

டயர்

பட்டன் தேயவில்லை என்பதற்காகப் பழைய டயரில் ஓட்டாதீர்கள்.

தார்ப்பாய்

வேண்டாம். பருத்தித் துணி போடுங்கள்.

ஆர்.சி. புக்கை மறப்பது

வண்டிக்கு லட்சக்கணக்கில் செலவழித்தவர்கள்கூட ஆர்.சி.யைத் தாத்தா பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். உரிமையாளர் காலமானால் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31 இருக்கிறது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் கேட்பார்கள். தாத்தாவுக்கு ஐந்து பிள்ளைகள் என்றால் ஐந்து வீட்டுக்கும் நடக்க வேண்டும். அத்தைகளும் சித்தப்பாக்களும் நல்ல மனநிலையில் இருக்கும்போதே, ஸ்பானரைத் தொடுவதற்கு முன்பே, இந்த வேலையை முடியுங்கள். ஏற்கெனவே பதிவான விண்டேஜ் வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்று 2021 விதி சொல்கிறது. ‘எம்.எஸ்.’ என்று தொடங்கும் அந்த மெட்ராஸ் மாநில எண்ணை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.