ஃபைலுக்கு முன்கூட்டியே டிஸ்க்ல இடம் புடிச்சு வைக்கறது எப்படி

லினக்ஸ்ல பெரிய ஃபைல் எழுதறதுக்கு முன்னாடி நிறைய பேரு ஃபைல் சைஸ மாத்தற எஃப்ட்ரங்கேட் கால் போட்டு 2 ஜிபினு சைஸ் செட் பண்ணிட்டு இடம் கெடச்சிருச்சுனு நெனச்சுக்கறாங்க, அது வெறும் ஓட்டை ஃபைல்தான், எல்எஸ் கமாண்ட் 2 ஜிபி காட்டும் ஆனா டிஸ்க்ல நெசமா எவ்ளோ புடிச்சிருக்குனு சொல்ற டியூ கமாண்ட் அடிச்சு பாருங்க, சைபர்! நானும் இப்படி பாதி ராத்திரி டிஸ்க் ஃபுல் எரர் வாங்குனவன்தான்.

நெசமா இடம் வேணும்னா ஃபாலோகேட்ங்கற சிஸ்டம் கால், அதாவது கெர்னல்கிட்ட வேலை கேக்கற ஃபங்ஷன், போடுங்க. ஃபைல் டிஸ்கிரிப்டர் (ஓபன் பண்ணா கெடைக்கற நம்பர்), மோட் 0, ஆஃப்செட் (ஆரம்பிக்கற இடம்) 0, அப்புறம் நீளம் பைட்ஸ்ல, அவ்ளோதான். 2007ல கெர்னல் 2.6.23ல வந்தது, இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் மாதிரி ஃபைல்சிஸ்டம்ல டேட்டா எழுதாமலே பிளாக்க ஒதுக்கிரும், அதான் சட்டுனு முடியுது. இடம் இல்லன்னா அங்கயே மைனஸ் 1 வரும், எரர் நம்பர் வர்ற எர்நோ வேரியபிள பாத்தா ஈஎன்ஓஎஸ்பிசி, அதாவது டிஸ்க்ல இடம் இல்ல. ஃபைல் சைஸ் மாறாம இடம் மட்டும் போதும்னா கீப் சைஸ் ஃபிளாக் இருக்கு.

இதே வேலைக்கு போசிக்ஸ் ஃபாலோகேட்னு ஒரு ஸ்டாண்டர்ட் ஃபங்ஷனும் இருக்கு, அதுல ஒரு வில்லங்கம், அது எர்நோவ தொடாது, எரர் நம்பர ரிட்டர்ன்லயே குடுக்கும். அதோட ஃபைல்சிஸ்டம் சப்போர்ட் இல்லன்னா லினக்ஸோட சி லைப்ரரி ஜிலிப்சி ஒவ்வொரு பிளாக்கா எழுதி ஒப்பேத்தும், பெரிய ஃபைல்னா டீ குடிச்சிட்டே வந்துரலாம்.