இடுப்பு மூட்டு ஆர்த்ரோஸ்கோபிக்கு ஒப்புக்கொள்ளும் முன்

ஓடியாடிப் பழகிய இளைஞர் ஒருவரிடம் வலி எங்கே என்று கேட்டால், ஓரிடத்தைத் தொட்டுக் காட்டாமல், கட்டைவிரல் பின்புறமும் மற்ற விரல்கள் தொடையிடுக்கிலுமாக இடுப்பின் பக்கவாட்டைக் கையால் கவ்விக் காட்டினால், வலி மூட்டுக்குள்ளிருந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். முழங்காலை மார்பை நோக்கி மடக்கி உட்புறமாகத் திருப்பும்போது சுருக்கென்று குத்துவது அந்தச் சந்தேகத்தை வலுப்படுத்தும்.

அதற்கு ஆர்த்ரோஸ்கோபி, அதாவது சிறு துளைகள் வழியாகக் கேமரா செலுத்திச் செய்யும் மூட்டு அறுவை, செய்யலாம் என்றால், முதலில் எக்ஸ்ரே எடுத்து, தொடை எலும்பின் உச்சியிலுள்ள பந்தை இடுப்பெலும்பின் கிண்ணம் எவ்வளவு மூடியிருக்கிறது என்பதைக் கோணமாக அளக்கச் சொல்லுங்கள். பந்தின் மையத்திலிருந்து நேர்மேலாக ஒரு கோடும், கிண்ணத்தின் வெளிவிளிம்புக்கு ஒரு கோடும் இழுத்தால் அவற்றுக்கிடையே வருவதே அந்தக் கோணம். அது 25 முதல் 40 பாகை வரை இருப்பது இயல்பு. 40-ஐத் தாண்டினால் கிண்ணம் பந்தை அளவுக்கு மேல் மூடியிருக்கலாம். 20-க்குக் கீழே என்றால் கிண்ணம் ஆழமற்றது. இந்த எண்ணைக் கேட்டறியாமல் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில், அதிகமாக மூடிய விளிம்பைச் செதுக்கி, கிழிந்த லேப்ரத்தை (கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு வளையத்தை) தைத்துச் சரிசெய்ய ஆர்த்ரோஸ்கோபி ஏற்றது. ஆழமற்ற கிண்ணத்திலோ விளிம்பைச் செதுக்கினால், ஏற்கெனவே குறைவாக இருக்கும் பிடிமானமும் போய், மூட்டு நழுவத் தொடங்கும். அத்தகையோருக்குக் கிண்ணத்தைச் சுற்றி எலும்பை வெட்டித் திருப்பிப் பொருத்தும் அறுவையே பெரும்பாலும் பொருந்தும். 20 முதல் 25 வரை உள்ளவர்கள் இரண்டாவது மருத்துவரின் கருத்தையும் கேட்பது நல்லது.

மூட்டு இடைவெளி 2 மில்லிமீட்டருக்கும் குறைந்து தேய்ந்திருந்தால் ஆர்த்ரோஸ்கோபியால் பயன் குறைவு. அவ்வளவு தேயாதவர்களும் முதலில் சில மாதங்கள் பிசியோதெரபி செய்து பார்க்க வேண்டும்.

ஆர்த்ரோஸ்கோபியின்போது மயக்கம் கொடுத்து, காலை இழுத்துப் பிடித்து, பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடைவெளி உண்டாக்கி, இரண்டு மூன்று சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் செலுத்துவார்கள். காலை இழுத்து வைப்பதால் நரம்பு அழுந்தி, பிறப்புறுப்பைச் சுற்றியோ பாதத்திலோ மரத்துப்போவது உண்டு. பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ஆனாலும் இதை முன்கூட்டியே சொல்லிவைக்கும்படி கேளுங்கள், தெரியாமல் பயந்துபோகிறவர்கள் உண்டு.

பின்னர் சில வாரங்கள் ஊன்றுகோலுடன், மருத்துவர் சொன்ன அளவுக்கு மட்டுமே காலில் பாரம் கொடுக்க வேண்டும். விளையாட்டுக்குத் திரும்பப் பொதுவாக நான்கு முதல் ஆறு மாதங்களாகும். வலி குறைந்ததை மட்டும் நம்பி மைதானத்துக்குப் போகாமல், ஒற்றைக் காலில் நின்று பாதி உட்கார்ந்து எழும்போது இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்கிறதா என்று பிசியோதெரபிஸ்டிடம் சோதித்துக்கொள்ளுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ காய்ச்சல் கண்டாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.