இடைவெளி டைமர் செயலி: கண்ணுக்கு அல்ல, காதுக்கு வடிவமையுங்கள்

பயிற்சி நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் மாறி மாறி எண்ணிச் சொல்வதுதான் இடைவெளி டைமர். நான் வடிவமைத்த முதல் டைமர் திரையில் மிக அழகாக இருந்தது. அதை வைத்து உடற்பயிற்சி செய்து பார்த்த அன்றுதான் குட்டு வெளிப்பட்டது. ஓய்வெடுக்க வேண்டிய பத்து வினாடியில் குதித்துக்கொண்டிருந்தேன். குதிக்க வேண்டிய நேரத்தில் மூச்சு வாங்கியபடி நின்றேன். தண்டால் எடுப்பவரின் முகம் தரையைப் பார்த்திருக்கும், திரையை அல்ல. இந்த எளிய விஷயம் எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

படி 1: நேரத்தைத் தாளில் எழுதுங்கள்

திரைகளை வரையும் வடிவமைப்பு மென்பொருளான ஃபிக்மாவை இப்போதே திறக்க வேண்டாம். தபாட்டா முறையை எடுத்துக்கொள்வோம்: 20 வினாடி பயிற்சி, 10 வினாடி ஓய்வு, 8 சுற்று. கணக்குப்படி 4 நிமிடம். ஆனால் கடைசிச் சுற்றுக்குப் பின் வரும் ஓய்வால் யாருக்கும் பயனில்லை. அதை நீக்கினால் 3 நிமிடம் 50 வினாடி. தொடக்கத்தில், ஃபோனை வைத்துவிட்டு நிலைக்கு வர 10 வினாடி கொடுங்கள். இதை மறந்தால் முதல் சுற்று பாதி வீண்.

படி 2: திரை

மீதி வினாடி, எத்தனையாவது சுற்று, அடுத்த பயிற்சி. இந்த மூன்று போதும். இரண்டு மீட்டர் தள்ளி வைத்தாலும் எண் தெரிய வேண்டும். எல்லா இலக்கங்களும் ஒரே அகலத்தில் இருக்கும் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் 1 வரும்போதெல்லாம் எண் இடம் வலமாக ஆடும். பயிற்சிக்குப் பச்சை, ஓய்வுக்குச் சிவப்பு என்று நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் பலர். ‘ஓய்வு’ என்று எழுதியும் காட்டுங்கள்.

பொத்தானுக்கு ஆண்ட்ராய்டு பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவு 48 டிபி (எந்தத் திரையிலும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரியும் அலகு). ஆப்பிள் சொல்வது அதைப் போன்ற தன் அலகில் 44 புள்ளி. வியர்த்த கைக்கு இரண்டும் போதாது. இடைநிறுத்தப் பொத்தானுக்குத் திரையின் கீழ் மூன்றில் ஒரு பங்கைக் கொடுப்பேன். முழுத் திரையையும் கொடுக்க மாட்டேன். வியர்வைத் துளி விழுந்தாலும் சில திரைகள் அதைத் தொடுதலாக எடுத்துக்கொள்ளும். பயிற்சியை முடிப்பதற்கு மட்டும் நீண்ட அழுத்தம்.

படி 3: ஒலி (நான் சறுக்கிய இடம்)

தொடக்கத்துக்கும் ஓய்வுக்கும் ஒரே பீப் வைத்திருந்தேன். ஆறாம் சுற்றில் எது எதுவென்று மூளைக்குப் பிடிபடவில்லை. இப்போது கடைசி மூன்று வினாடிகளுக்கு மூன்று குறும் பீப். பிறகு பயிற்சி என்றால் உயர்ந்த சுருதியில் நீண்ட ஒலி, ஓய்வு என்றால் தாழ்ந்த ஒலி. அடுத்த பயிற்சியின் பெயரை ஓய்வு தொடங்கியவுடனே குரல் சொல்ல வேண்டும். முடியும்போது சொன்னால் நிலை மாற நேரமிருக்காது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்தாமல் ஒலியளவை மட்டும் தணித்துவிட்டுப் பேசட்டும்.

இன்னொரு தொல்லை, பூஜ்யம். வினாடியைக் கீழ்நோக்கி முழுமையாக்கியதால் 0 என்பது ஒரு முழு வினாடி திரையில் நின்றது. பீப்பும் எண்ணும் ஒத்துப்போகவில்லை. மேல்நோக்கி முழுமையாக்குங்கள். 4.2 வினாடி மீதமிருந்தால் 5 என்று காட்டுங்கள். 1 முடிந்த கணமே அடுத்த கட்டம் தொடங்கிவிடும்.

இந்தப் பொருத்தத்தை ஃபிக்மாவில் சோதிப்பது வீண்வேலை என்பது என் கருத்து. சாதாரண இணையப் பக்கமாக எழுதிப் பாருங்கள். வினாடிக்கு ஒன்றாகக் கழிக்காமல், முடியும் நேரத்திலிருந்து இப்போதைய நேரத்தைக் கழியுங்கள். பின்னணிக்குப் போய் வந்தாலும் கணக்கு தவறாது. திரை அணையாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: புளூடூத் இயர்ஃபோனில் முதல் பீப் கேட்கவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சோதித்தேன், உண்மைதான். சத்தம் இல்லாதபோது சில இயர்ஃபோன்கள் உறங்கிவிடுகின்றன. விழிப்பதற்குள் குறும் பீப் முடிந்துவிடுகிறது. பயிற்சி முழுவதும் ஒலியற்ற ஒலிக்கோப்பு ஒன்றை ஓடவிட்டேன். சரியாகிவிட்டது.

மற்றொருவர் காது கேளாதவர்களைப் பற்றிக் கேட்டிருந்தார். நான் யோசிக்காமல் விட்டது அது. பயிற்சிக்கு நீண்ட அதிர்வு ஒன்று, ஓய்வுக்குக் குறும் அதிர்வு இரண்டு, கூடவே முழுத் திரையும் நிறம் மாறுதல் என்று சேர்த்திருக்கிறேன். திரையை மின்ன வைப்பதாக இருந்தால் வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். சிலருக்கு அது வலிப்பைத் தூண்டக்கூடும். ஃபோன் தரையில் கிடந்தால் அதிர்வு எட்டாது என்பதால், கைக்கடிகாரத்துக்கு அதை அனுப்பும் வழியை இப்போது வரைந்துகொண்டிருக்கிறேன்.