உறைந்து கிடந்தால்தான் கேட்டடோனியாவா?

மனநல மருத்துவப் பயிற்சியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. பேசாமல் சாப்பிடாமல் உறைந்து கிடப்பவரை மட்டும் தேடினால் கேட்டடோனியா (அசைவும் பேச்சும் நடத்தையும் இயல்பு மாறிப்போகும் நிலை) பல நேரம் கைநழுவிப் போகும், காரணமே இல்லாமல் ஓயாமல் பரபரப்பவருக்கும் நாம் சொன்னதையே திருப்பிச் சொல்பவருக்கும் அது இருக்கலாம். இதைக் கண்டறிய உதவும் புஷ்-பிரான்சிஸ் அளவுகோலின் முதல் 14 அம்சங்களைப் பாருங்கள், 2 இருந்தாலே சந்தேகப்படலாம். விறைப்பு இருக்கிறதா என்று கையை மடக்கி நீட்டிக்கூடப் பார்க்காமல் 'ஒத்துழைக்கவில்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு நகராதீர்கள் (நானும் அப்படி எழுதியவன்தான்). அப்புறம், சீனியரிடம் பேசி, மூச்சைக் கவனித்தபடி பதற்றம் தணிக்கும் மருந்தான லோராசெபம் 1 அல்லது 2 மி.கி. ஐ.வி.யாக (ரத்தக்குழாயில் ஊசியாக) கொடுத்து 5 நிமிடம் கழித்து மறுபடி அளவிடுங்கள். பலன் தெரியாவிட்டாலும் கேட்டடோனியா இல்லை என்று ஆகிவிடாது. அவசரப்பட்டு ஆன்டிசைக்காட்டிக் (மனச்சிதைவு போன்ற நோய்களுக்கான மருந்து) ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். காய்ச்சலும் விறைப்பும் சேர்ந்து வந்தால் ஈ.சி.டி. (மின் அதிர்வு சிகிச்சை) பற்றி அன்றைக்கே பேசுங்கள்.