மரத்தில் லைக்கன் படர்ந்திருந்தால் காற்று சுத்தமா?

இல்லை. மரங்களை வைத்து நகரத்துக் காற்றைக் கண்காணிக்கும் மக்கள் அறிவியல் திட்டங்களில் சேர்பவர்கள் முதலில் சறுக்கும் இடம் இதுதான். லைக்கன் என்பது பூஞ்சையும் நுண்பாசியும் ஒன்றாகச் சேர்ந்து வாழும் உயிர். அது நமக்குப் புதிதல்ல, செட்டிநாட்டுச் சமையலில் போடும் கல்பாசி ஒரு லைக்கன்தான். அதற்கு வேர் கிடையாது. நீரையும் சத்தையும் மழையிலிருந்தும் காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்வதால், காற்றில் இருக்கும் நஞ்சும் அதற்குள் போய்விடுகிறது.

நிலக்கரிப் புகை மண்டிய காலத்தில் கந்தக டை ஆக்சைடு பல வகை லைக்கன்களை ஐரோப்பிய நகரங்களிலிருந்து விரட்டியது. கந்தகம் குறைந்ததும் சில வகைகள் திரும்பி வந்தன. அவற்றில் பளிச்சென்ற மஞ்சளில் இருக்கும் சாந்தோரியா நைட்ரஜன் மாசு மிகுந்த இடத்தில் நன்றாக வளரும். தாடிபோல் தொங்கும் உஸ்னியாவுக்கு அந்த மாசு ஆகாது. இங்கிலாந்தில் 2009-இல் தொடங்கிய ஓபல் காற்று ஆய்வு, மக்களிடம் 9 வகைகளை மட்டும் பார்க்கச் சொல்லி, அவற்றை நைட்ரஜனைத் தாங்குபவை, இடைப்பட்டவை, தாங்காதவை என்று பிரித்தது இதனால்தான். மரம் முழுக்க மஞ்சள் படர்ந்திருந்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எது இருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது, ஒரு தெருவில் ஓக், இன்னொரு தெருவில் ஆஷ் என்று கலந்து பார்த்து ஒப்பிடுவது. பட்டையின் அமிலத்தன்மை மரத்துக்கு மரம் மாறும், அதற்கேற்ப லைக்கனும் மாறும். ஒரே இன மரங்களை, ஏறக்குறைய ஒரே பருமனில் தேர்ந்தெடுங்கள். அடிமரத்தை விட்டுவிடுங்கள், நாய்களின் சிறுநீரே அங்கே நைட்ரஜனைச் சேர்த்துவிடும். அப்புறம், பிரிட்டிஷ் வழிகாட்டிப் படத்தை எடுத்துக்கொண்டு நம் ஊர் வேப்பமரத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். இனங்களும் வேறு, வெயிலும் வேறு.

எனக்கு மிகவும் பாடமாக இருந்தது சைக்கமோர் மரத்தின் இலையில் வரும் தார்ப்புள்ளி நோய். இலையில் கறுப்புப் பொட்டு வைக்கும் இதன் பூஞ்சை நகர நடுவில் அரிது. புகைதான் காரணம் என்று வெகுகாலம் நினைத்தார்கள். ஆனால் பூஞ்சை குளிர்காலத்தைக் கழிப்பது உதிர்ந்த இலைகளில். நகரத்தில் அந்தச் சருகைக் கூட்டி அள்ளிவிடுகிறார்கள், அதனால் அடுத்த வசந்தத்தில் தொற்ற வித்தில்லை. துடைப்பம் செய்த வேலைக்குக் காற்றின் மேல் பழி! மரத்தைச் சுற்றி மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் தாளில் எழுதுங்கள்.

பாரிஸின் எகோர்ஸ் ஏர் திட்டத்தில் மக்கள் சாலையோரப் பிளேன் மரங்களின் பட்டையைச் சேகரித்து அனுப்புகிறார்கள், ஆய்வகத்தில் அதன் காந்தத் தன்மையை அளக்கிறார்கள். பிளேன் மரம் பட்டையை உரித்துப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதால் அதில் படிந்திருப்பது அண்மைக்காலத் தூசு. இந்த மாதிரி வேலையில் துருப்பிடித்த கத்தியால் சுரண்டினால் துருவும் கணக்கில் ஏறிவிடும். பட்டையைத் தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள். எந்த நாள், சாலையைப் பார்த்த பக்கமா மறுபக்கமா என்பதைக் கட்டாயம் குறியுங்கள்.

காந்த அளவீடு காட்டுவது பிரேக் தேய்மானம் போன்ற இரும்புத் துகள்களை. நைட்ரஜன் டை ஆக்சைடும் ஓசோனும் அதில் தெரியாது. அந்த எண்ணை "ஒரு கனமீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம்" என்று மாற்றி வாட்ஸ்அப்பில் பரப்புவது பெரிய தவறு. அமெரிக்காவின் போர்ட்லாண்டில் 2013-இல் வனத்துறை ஆய்வாளர்கள் மரப்பாசி (லைக்கன் அல்ல, மாஸ் எனப்படும் பச்சைப் பாசி) மாதிரிகள் 346 எடுத்தபோது, வண்ணக் கண்ணாடித் தொழிற்சாலைகளின் அருகே காட்மியம் என்ற நச்சு உலோகம் மிகுந்திருந்தது. பாசி காட்டியது எங்கே தேட வேண்டும் என்பதை. காற்றில் எவ்வளவு என்பதை அறிய அங்கே கருவி வைத்துத்தான் அளக்க வேண்டியிருந்தது.

கடைசியாக, லைக்கனே இல்லாத மரத்தைப் பதியாமல் கடந்து போகாதீர்கள். வெறும் மரங்கள் விடுபட்டால் வரைபடத்தில் மாசு மிகுந்த தெருக்கள்தான் காணாமல் போகும். பார்த்தேன், எதுவும் இல்லை என்று எழுதி அனுப்புங்கள்.